கூலரின் முதுகுப் பக்கம்

புழுக்களை நான் அவித்துவிட்டேன் என்றுதான் முதலில் நம்பினேன். இட்லிக் குண்டானை மூடி வைத்து அவிப்பதைப்போல, ஒரு ஷெட் நிறைய பட்டுப்புழுக்களை, அதுவும் என் மனைவியின் பட்டுப்புழுக்களை, நானே பழுது பார்த்த ஏர் கூலரைக் கொண்டு அவித்துவிட்டேன் என்று. இதை நம்ப எனக்குப் பெரிய ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. முகத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று பட்டது, அவ்வளவுதான். கெட்டது நடந்துவிட்டது என்று நம்ப எனக்கு அது போதும். நல்லது நடந்திருக்கிறது என்று நம்பத்தான் யாராவது கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்ட வேண்டும்.

பட்டுப்புழு எப்படியும் கடைசியில் கூட்டோடு கொதிக்கிற தண்ணீருக்குள் போகப்போவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று அந்த நியாயத்தை எடுத்துப் பார்த்தேன். ஆனால் கூடு கட்டிய பிறகு அவிந்தால் அது தொழில். கூடு கட்டுவதற்கு முன்னால் அவிந்தால் அது நான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன். முப்பட்டகத்தைத் துடைத்து வைப்பேன், அமிலப் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டுவேன், மின்சாரம் அளக்கிற கருவியில் முள் சாயும்போது மாணவர்களுக்குப் பின்னால் நின்று “ம்” என்று தலையாட்டுவேன். முள் ஏன் சாய்கிறது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காததால் எனக்குத் தெரியும் என்றே இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மே மாதம் பள்ளிக்கூடம் மூடிவிட்டால் அந்த அறிவு முழுவதும் வீட்டுக்கு வந்துவிடும். அப்போது எங்கள் வீட்டு மின்சாரச் சாமான்களெல்லாம் நடுங்கும்.

மிக்ஸி நான் பார்த்த பிறகு ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. அதுவும் மூடிமேல் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் வைத்து, காய்ச்சல்காரனைப் படுக்க வைப்பதைப்போல அழுத்திப் பிடித்தால்தான் ஓடும். தேய்ப்புப் பெட்டியில் விளக்கு எரிந்தால் சூடு இல்லை, அணைந்தால் சூடு என்று புரிந்துகொள்ள வேண்டும்; விருந்தாளிகள் யாராவது சட்டை தேய்க்கக் கேட்டால் மனைவி முதலில் இந்தப் பாடத்தை நடத்திவிட்டுத்தான் கொடுப்பாள். கூடத்து மின்விசிறி விளக்குமாற்றின் அடிப்பக்கத்தால் ஒரு தள்ளு தள்ளினால்தான் கிளம்பும் என்று இருந்தது. அதற்குக் கண்டென்சர் என்கிற சின்ன டப்பாவை மாற்றினால் போதும் என்று கண்டுபிடித்து, மாற்றி, அது தானாகவே கிளம்பியபோது நான் அடைந்த கர்வம்தான் இந்தக் கதைக்கு மூல காரணம். அந்த ஒரு வெற்றி மட்டும் இல்லாதிருந்தால் நான் கூலர் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இப்போது புழு. எங்களுக்கு இருப்பது கொஞ்சம் நிலம். அதில் பாதி மல்பெரி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். அதற்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டு நிறைய புழுக்கள். ஷெட்டுக்கு முதலாளி, மேலாளர், காவலாளி மூன்றும் என் மனைவிதான். உள்ளே போவதற்கு அவள் வைத்திருக்கும் சட்டம் கோயில் கருவறைக்குக்கூட இருக்காது. பவுடர் பூசியவர் போகக்கூடாது. செண்ட் அடித்தவர், பீடி குடித்தவர், கொசுவர்த்தி ஏற்றிய அறையில் படுத்தெழுந்தவர், யாரும் போகக்கூடாது. கால் கழுவி, வாசலில் கொட்டியிருக்கும் சுண்ணாம்புத் தூளை மிதித்துத்தான் உள்ளே போகலாம். நாசூக்கான ஜீவன்கள் அவை. ஒரு வாடை பிடிக்காவிட்டால் தழை தின்பதை நிறுத்திவிடும், அப்புறம் வரிசையாகச் சாகும். என் மேல் எப்போதும் ஏதாவது ஒரு வாடை இருக்கும் என்பது அவள் கணிப்பு. ஷெட்டு கட்டிய நாளிலிருந்து நான் வாசலைத் தாண்டியதில்லை.

போன தடவை நடந்ததையும் சொல்லவேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிக்கு மருந்தடித்தார்கள். அவர்கள் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்தார்கள். காற்றுதான் யாரிடமும் சொல்லாமல் திரும்பிவிட்டது. மருந்து மல்பெரி மேல் படிந்தது. அந்தத் தழையைத் தின்ற புழுக்கள் பச்சையாகக் கக்கிச் சுருண்டன. கூடு கட்ட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவள் தோட்டத்து மூலையில் தானே குழி வெட்டி, தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து கொட்டி, சுண்ணாம்பு தூவி மூடினாள். நான் அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கப் போனபோது, “வேணாங்க, விடுங்க” என்றாள். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். ஷெட்டை மூடிவிட்டு நாலு மாடு கட்டு, தக்காளியே போடு, எதற்கு இந்தப் புழுவோடு மல்லுக்கட்டு. அவளோ அடுத்த பேட்ச் குஞ்சுப் புழுக்களைக் கொண்டுவந்து தட்டில் விட்டாள். இதுவும் போனால் ஷெட்டைப் பூட்டிவிடுவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்தப் பேட்ச்தான் கடைசிப் பருவத்துக்கு வந்திருந்தபோது வெயில் பிடித்துக்கொண்டது. தகரத்துக்கு மேலே தென்னங்கீற்று பரப்பியாயிற்று. ஜன்னல் வலைகளுக்கு வெளியே கோணிச் சாக்குகளைத் தொங்கவிட்டு நனைத்தாயிற்று. அதோடு வீட்டுக் கூடத்திலிருந்த ஏர் கூலரையும் ஷெட்டுக்குத் தூக்கிப் போனாள். எனக்குப் பனை விசிறி கிடைத்தது. புழுவுக்குக் கூலர், புருஷனுக்கு விசிறி என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்ததில் அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

“புழு கூடு கட்டுது. நீங்க என்னா கட்டுவீங்க?” என்றாள்.

கூலர் பழசு. இரும்புத் தகட்டுப் பெட்டி. மூன்று பக்கமும் மரச்சீவல் அடைத்த தட்டிகள், உள்ளே அடியில் தண்ணீர், அந்தத் தண்ணீரைத் தட்டிகளின் மேல் ஊற்ற ஒரு சின்ன மோட்டார், முன்னால் காற்றாடி. ஷெட்டின் ஒரு ஜன்னலில் முகம் உள்ளேயும் முதுகு வெளியேயுமாகப் பொருத்தி வைத்தாள். அது இரண்டு நாள் நன்றாக ஓடி, மூன்றாம் நாள் “ங்” என்று ஒரு முனகலோடு நின்றுவிட்டது.

என் மச்சான், அதாவது அவள் தம்பி, ஓசூரில் வண்டி ஓட்டுகிறவன். சொந்தமாக ஒரு குட்டி யானை வைத்திருக்கிறான். (நிஜ யானை என்று நினைக்காதீர்கள், சின்ன லாரிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.) அங்கே கன்னடக்காரர்களோடு பேசிப் பேசி அவன் தமிழில் பாதி கன்னடமாகிவிட்டது; வேண்டாம் என்பதற்குக்கூட ‘பேடா’ என்பான். விஷயம் தெரிந்து உடனே போன் செய்தான்.

“அக்கா, ஓசூர்ல ஒரு கட இருக்குது. பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம். நாளான்னிக்கு வர்றப்ப ஏத்திட்டு வர்றேன்.”

நான் போனை வாங்கினேன். “மச்சான், ஒரு முனகலுக்கெல்லாம் புதுசு வாங்கறதுன்னா உங்க அக்கா என்னிய எப்பவோ மாத்தியிருக்கணும்.”

“அதத்தான் மாமா நாங்களும் அப்பப்ப பேசிக்கறோம்.”

“கண்டென்சர் போயிருக்குது, அவ்ளோதான். நான் பாத்துக்கறேன்.”

“பேடா மாமா, பேடா! கையெடுத்துக் கும்புடறேன். அந்த மிக்ஸிய நெனச்சிப் பாருங்க.”

மனைவி என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புதுசு வர நாளை மறுநாள் ஆகும். வெயில் அதுவரை காத்திருக்காது. “சாயங்காலத்துக்குள்ள ஆவுங்களா?” என்று கேட்டாள். அவள் என் திறமை மேல் நம்பிக்கை வைத்துக் கேட்கவில்லை, வேறு வழியில்லாமல் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள் அல்லவா? நான் சட்டை மாட்டிக்கொண்டு மாரண்டஹள்ளிக்கு வண்டியை விட்டேன்.

மின்சாமான் கடைக்காரர் நான் நீட்டிய பழைய கண்டென்சரை இரண்டு விரலால் வாங்கிப் பார்த்தார். அது வயிறு உப்பிப்போயிருந்தது.

“இதெல்லாம் இப்ப யாருங்க ரிப்பேரு பண்றாங்க? புதுசு வந்துருக்குது பாருங்க, ரிமோட்டோட.”

“புழுவுக்கு எதுக்குங்க ரிமோட்டு?”

அவர் சிரித்துக்கொண்டே புதுக் கண்டென்சரை எடுத்துப் போட்டார். “வயரு எது எங்க இருந்துச்சின்னு பாத்து வெச்சிருக்கீங்களா?”

“நான் லேப்ல இருக்கறவங்க,” என்றேன். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும். ஆனால் நான் பார்த்து வைக்காமல் இல்லை. கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தபோது படம் மிகத் தெளிவாக இருந்தது. என் கட்டை விரலின் ரேகைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். வயர்கள் அதற்குப் பின்னால் எங்கோ இருந்தன.

கொல்லைப்புறத்தில் கோணியை விரித்து வேலையை ஆரம்பித்தேன். அச்சு இறுகியிருந்ததால் மோட்டாரைக் கழற்றி, பத்திரப்படுத்தி வைத்திருந்த மண்ணெண்ணெயில் கழுவினேன். மூக்கைத் துளைக்கிற வாடை. மனைவி வீட்டுக்குள்ளிருந்தே கத்தினாள்.

“ஏங்க, மண்ணெண்ணையா அது? அத எடுத்துட்டுப் போயி என் புழுங்ககிட்ட வெக்கப் போறீங்களா?”

“சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல காய வெச்சிருவேன். வாடையே இருக்காது.”

“உங்களையும் கழுவிக் காய வெக்கணும்.”

கழுவினேன், காய வைத்தேன்; அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. கண்டென்சரில் இரண்டு கால்கள், என் கையில் வயர்கள். கட்டைவிரல் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, எது அழகாக எட்டியதோ அதை அங்கே வைத்துப் பற்றவைத்தேன். தட்டிகளை மாட்டுவதற்கு முன்பே வெறும் மோட்டாரையும் காற்றாடியையும் வைத்து ஸ்விட்ச் போட்டேன். சுற்றியது! முனகல் இல்லை, தள்ள விளக்குமாறு இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் செய்வதைப்போல “ம்” என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில், சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே, மச்சான் வண்டியோடு வந்துவிட்டான். புழு பழுத்ததும், அதாவது தின்று முடித்து முற்றியதும், ஏறிக் கூடு கட்டுவதற்கு வட்ட வட்டமான மூங்கில் தட்டுகள் வேண்டும், சந்திரிகை என்பார்கள். பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவரிடம் சந்திரிகை சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அக்காவும் தம்பியும் போய் ஏற்றிவருவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முன்னால் இருவருமாகக் கூலரை ஜன்னலில் பொருத்தினார்கள். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். என் கை இன்னும் மண்ணெண்ணெய் நாறுகிறதாம். அந்த நேரம் பார்த்து மின்சாரம் இல்லை. காத்திருந்தால் வெயில் ஏறிவிடும். ஸ்விட்ச்சைப் போட்டு வைத்துவிட்டாள், மின்சாரம் வந்ததும் தானாக ஓடட்டும் என்று. தழை போட்டு, கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போ.”

“குடுத்தா எட்டிப் பாப்பீங்க. எட்டிப் பாத்தா உள்ள போவீங்க. உள்ள போனா எதையாவது திருவுவீங்க.”

மச்சான் வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னான்: “மாமா, கூலர் ஓடுனா போன் பண்ணுங்க. ஓடாட்டினா பண்ணாதீங்க, நான் வண்டி ஓட்டணும்.”

அவர்கள் போய்ச் சற்று நேரத்தில் மின்சாரம் வந்தது. ஷெட்டுக்குள்ளிருந்து நல்ல கம்பீரமான இரைச்சல் கேட்டது. நான் கட்டிலில் படுத்தபடியே அதைக் கேட்டு ரசித்தேன். அப்படியே கிடந்திருக்க வேண்டும். என் படைப்பை அருகில் போய்க் கேட்கலாமே என்று எழுந்து, ஷெட்டைச் சுற்றிக்கொண்டு கூலரின் முதுகுப் பக்கம் போய் நின்றேன்.

முகத்தில் காற்று அடித்தது. வெதுவெதுப்பான, ஈரமான காற்று. அதோடு ஒரு நாற்றம். அழுகிய தழையும், சுண்ணாம்பும், இன்னும் என்னவோ ஒன்றும் சேர்ந்த நாற்றம்.

அந்த ஷெட்டுக்குள் நான் ஒரு நாளும் போகாதவன் என்று சொன்னேன் அல்லவா? அதனால் ஷெட்டு சாதாரணமாக எப்படி நாறும் என்பது எனக்குத் தெரியாது. செத்தது நாறுகிறது என்றே என் மூக்கு முடிவு கட்டியது. மூக்கு சொன்னதை மூளை உடனே விரிவாக்கியது: மோட்டார் சூடாகிவிட்டது. அடியிலிருக்கும் தண்ணீர் சூடாகிவிட்டது. அந்த ஆவி ஷெட்டு முழுக்க நிறைந்துவிட்டது. நிறைந்தது போக மிச்சம் இந்த வழியாக வெளியே வருகிறது. உள்ளே புழுக்கள் இட்லி. ஒருவேளை ஆவியில் தப்பித்தவையும் மண்ணெண்ணெய் வாடையில் போயிருக்கும். இரண்டு விதமாகவும் நானே காரணம். வேறு யார் தலையிலும் கட்ட முடியாதபடி, அவ்வளவு கச்சிதமாக வேலை செய்திருக்கிறேன்.

கதவுக்கு ஓடினேன். பூட்டு. ஜன்னலுக்கு ஓடினேன். ஈ புகாமலிருக்கக் கட்டிய வலை, வலைக்கு வெளியே கோணி. கோணியை விலக்கி எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரே இருட்டு. அடுக்குகளின் கால்தான் தெரிந்தது. மச்சானுக்குப் போன் போட்டேன்.

“என்னா மாமா, ஓடுதா?”

“ஓடுது, ஓடுது. சும்மாதான் கூப்ட்டேன். மச்சான், ஒரு சந்தேகம். புழு எவ்ளோ சூடு தாங்கும்?”

“ஏன் மாமா, சூப்பு வெக்கப் போறீங்களா?”

“பொது அறிவுக்குக் கேக்கறேன்டா.”

பின்னால் அவள் குரல் கேட்டது. “யாரு அவரா? என்னா கேக்கறாரு?”

“மாமாவுக்குப் புழு மேல பாசம் வந்துருச்சிக்கா.”

“கோணிக்குத் தண்ணி ஊத்துனாரான்னு கேளு. காயாம பாத்துக்கச் சொல்லு. அது ஒண்ணு பண்ணாப் போதும், வேற எதுவும் பண்ண வேணாம்னு சொல்லு.”

“கேட்டுச்சா மாமா? தண்ணி ஊத்துங்க. வேற எதுவும் பேடா.”

போனை வைத்தேன். ஊற்றுவதற்குக் கிணற்று மோட்டாரைப் போடலாம் என்றால் அதற்கு வேண்டிய மும்முனை மின்சாரம் அந்த நேரத்தில் வராது. சிமெண்டுத் தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். எதிர்ப்பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் கோணி நனைய நனைய ஊற்றினேன். நனைந்தது போதாது என்று வழிய ஊற்றினேன். சுவரெல்லாம் ஊற்றினேன். தீப்பிடித்த வீட்டை அணைப்பவனைப்போல் ஊற்றினேன். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு தடவை கூலரின் முதுகுப் பக்கம் வந்து முகத்தைக் காட்டிப் பார்ப்பேன். அதே வெதுவெதுப்பு, அதே நாற்றம்.

கூலரை நிறுத்திவிடலாமா என்று ஒரு யோசனை. ஸ்விட்ச் உள்ளே. வெளியே பியூஸ் கட்டை இருக்கிறது, பிடுங்கினால் நின்றுவிடும். பிடுங்கினால் சூடு ஏறும், பிடுங்காவிட்டால் ஆவி ஏறும். இந்தத் தர்மசங்கடத்தில் நிற்கும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. கடைசிப் பருவத்தில் புழுக்கள் தழை தின்கிற சத்தம் தூறல் போடுவதைப்போல் இருக்கும் என்று மனைவி சொல்வாள். இரைச்சலை நிறுத்தினால் அந்தச் சத்தம் கேட்குமே! கேட்டால் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். அறிவியல்! பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். கூலர் ஓய்ந்தது. ஓடிப்போய் சுவரில் காதை வைத்தேன்.

தூறல் இல்லை. ஒரு துளிகூட இல்லை. என் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம்தான் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

கட்டையைத் திரும்பச் சொருகினேன். இனிமேல் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன?

தொட்டி ஓரமாக உட்கார்ந்து அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். “மின்சாரம் ஏறி இறங்கிருச்சி” என்று ஆரம்பிக்கலாம். அது பொய். “கண்டென்சர் கம்பெனி சரியில்ல” என்று ஆரம்பிக்கலாம். அதுவும் பொய், அதோடு மச்சான் சிரிப்பான். “நீ புதுசு வாங்கியிருக்கலாம்” என்று சொல்லலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது என்றால் பீதியில் மனிதன் எவ்வளவு கீழே போவான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் சரிவரவில்லை. அவள் பேசாமல் கதவைப் பூட்டுவதும், அந்தச் சாவியை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோவதும்தான் கண்ணில் வந்துகொண்டிருந்தது. போன தடவை குழியை அவள்தான் வெட்டினாள். நானிருக்கும்போதே, என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெட்டினாள். இந்தத் தடவை அதையாவது நான் செய்து வைக்கலாம் என்று எழுந்தேன்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்து மூலைக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கரட்டு மண். வெட்ட வெட்டக் கல்லும் சரளையுமாக வந்தது. முழங்கால் ஆழம் போயிருப்பேன். வண்டிச் சத்தம் கேட்டது.

மச்சான் இறங்கி நேராக என்னிடம் வந்தான். தலைமுதல் கால்வரை தண்ணீரும் வியர்வையும் மண்ணுமாக நின்றவனைச் சுற்றிவந்து பார்த்தான்.

“என்னா மாமா, தென்னங்கன்னு வெக்கறீங்களா?”

“ஆமா,” என்றேன்.

“இந்த வேகாத வெயில்லயா?”

“வெயில்ல வெட்டுனாத்தான் வேரு புடிக்கும்.”

என் மனைவி சந்திரிகைகளை இறக்கச் சொல்லிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு ஷெட்டை நோக்கிப் போனாள். கால் கழுவினாள். சுண்ணாம்பை மிதித்தாள். பூட்டைத் திறந்தாள். நான் குழிக்குள் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. கத்தாமல் இருப்பதுதான் அவளிடம் எனக்குப் பயம்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தலை தெரிந்தது. “ஏங்க, இங்க வாங்க.”

“நான் எதுக்கு? என் கைதான்…”

“கை காலக் கழுவிட்டு வாங்கன்றேன்.”

இத்தனை வருடத்தில் முதல் அழைப்பு. மேலிருந்த சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பை இரண்டு தடவை மிதித்து உள்ளே போனேன். முதலில் தெரிந்தது குளிர்ச்சி. பாறைக் குகைக்குள் போவதைப்போல் இருந்தது. எதிர்ப்பக்கத்துக் கோணிகளிலிருந்து ஈரக்காற்று உடம்பில் வந்து மோதியது. தட்டுகளில் தழை ஒன்றுகூட மிச்சமில்லை. வெறும் குச்சிகளும் நரம்புகளும் கிடந்தன. அவற்றின் மேல் விரல் தடிமனில் வெள்ளை வெளேரென்று புழுக்கள், ஆயிரக்கணக்கில், தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. பசி. தின்று முடித்துவிட்டு அடுத்த பந்திக்குக் காத்திருந்த புழுக்களிடம்தான் நான் தூறல் சத்தத்தை எதிர்பார்த்து சுவரில் காது வைத்திருக்கிறேன்.

“ஒண்ணுகூட சாவலியா?” என்றேன்.

“எதுக்குங்க சாவணும்?” அவள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது சந்தேகம். “நல்லா தின்னுருக்குது. உள்ள இவ்ளோ ஜில்லுனு இருந்ததே இல்ல. அது கெடக்கட்டும், இதப் பாருங்க. உங்க மிஷினு என்னா பண்ணி வெச்சிருக்குதுன்னு பாருங்க.”

கூலரின் முகத்தைக் காட்டினாள். காற்றை ஊதவேண்டிய அந்த வாயில், தட்டுக்கு அடியில் விரிக்கிற செய்தித்தாள் ஒன்று பறந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் காய்ந்த மல்பெரி இலைகள் நாலைந்து. அவள் தாளைப் பிய்த்துக் கையை விட்டாள். அது பறந்து திரும்பவும் அதே இடத்தில் போய் அப்பிக்கொண்டது.

நான் அதைப் பார்த்தேன். என் கட்டை விரலையும் பார்த்தேன்.

வாசலில் நின்றபடி மச்சான் எட்டிப் பார்த்தான். “என்னாக்கா, கூலரு பேப்பர் படிக்குதா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை; பக்கத்து அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போன பேட்ச் செத்ததற்குப் பிறகு அந்த ஷெட்டுக்குள் அவள் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். “சரி பண்றேன், இப்பவே கழட்டி வயர மாத்திர்றேன்” என்று கையை நீட்டினேன். என் கையில் ஒரு அடி விழுந்தது.

“தொட்டீங்கன்னா பாருங்க!”

நடந்தது இவ்வளவுதான். கண்டென்சரில் ஒரு வயரை இந்தக் காலில் வைப்பதற்குப் பதிலாக அந்தக் காலில் பற்றவைத்திருந்தேன். அதனால் காற்றாடி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. வெளிக்காற்றை உள்ளே ஊதாமல், தகரத்தடியில் தேங்கிய சூட்டை முதுகு வழியாக வெளியே தள்ளியது. அந்தச் சூட்டில்தான் நான் முகத்தைக் கொடுத்து நின்றேன். போன காற்றுக்குப் பதிலாக எதிர் ஜன்னல்களின் ஈரக் கோணி வழியே குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. புழுக்கள் சந்திரிகையில் ஏறிக் கூடு கட்டின. குழியில் தென்னங்கன்று வைத்தோம்.